ஆறாவது ஜீரோ

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. இது நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைக்கிற அறிவாளிகளுக்கு இன்னொன்று: பட்டப்பகலில் நடந்தது.

இரும்பைச் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின் ஓடும் ஒரு கம்பெனி. மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் அதன் செட்டருக்கு 'மைக்ரான்' என்று பட்டப்பெயர். முடியில் பாதிக் கனம்கூடத் தன் கையில் தப்பாது என்று தம்பட்டம் அடிப்பார். தன்னைத் தவிர உலகத்தில் எல்லாரும் அவருக்கு மண்டூகம். அவரிடம் ஆபரேட்டராக மாட்டிக்கொண்டது, பாவம், மனைவியின் ஒரே தம்பி.

"மெஷினுக்குக் கண் இருக்கா? ஜாப்போட, அதான் வெட்டப்போற இரும்புத் துண்டோட, மூலை எங்கேன்னு நாமதான் காட்டிக் கொடுக்கணும். அந்த மூலைதான் ஜீரோ, அதோட நம்பர்தான் ஒர்க் ஆஃப்செட். ஆறு ஜாப் வச்சா ஆறு ஜீரோ, ஜி54-லேர்ந்து ஜி59 வரை. இதுகூட மண்டையில ஏறலையா?"

"ஏறிடுச்சு மாமா. ஆனா ஜி59-ல நாம எதுவுமே வைக்கல. நம்பர் இருக்கு. அழிச்சாலும் திரும்ப வருது."

"நம்பர் என்ன நாய்க்குட்டியா, துரத்தினா திரும்பி வர?"

அழித்தார். எல்லாம் பூஜ்யம். இளக்காரமாகச் சிரித்துவிட்டுத் திரும்பினால்... பழைய எண்கள் அப்படியே இருந்தன.

மைக்ரானுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இரும்பை வெட்டும் டூலை அந்த ஜீரோவுக்கே அனுப்பினார். அது மெஷின் மேசையின் வலது ஓரத்தில், ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் போய் நின்றது. கீழே வெறும் காற்று.

டூல் ஜாப்பைத் தொட்டதா என்று பார்க்க, அடியில் காகிதத் துண்டை நுழைத்து இழுப்பார்கள். தொட்டிருந்தால் இறுகும். கேலிக்காகக் காகிதத்தை நீட்டினார்.

இறுகியது.

இழுத்தார். கிழிந்தது.

மூளை உள்ளவன் அங்கேயே மெயினை அணைத்திருப்பான். இவர் டூலை மேலே தூக்கினார். "ஏதோ இருக்கு. மேசையில தலைய சாய்ச்சுப் பாருடா."

"வேணாம் மாமா..."

"பயந்தாங்கொள்ளி! உங்க அக்காகிட்ட சொல்லட்டுமா?"

தன் தலையை வைக்கவில்லை பாருங்கள், அதில் மட்டும் கெட்டிக்காரர்.

மச்சினன் தலையைச் சாய்த்தான்.

டிக்.

டூலை இறக்கும் கைச்சக்கரம் தன் ஒயரோடு கொக்கியில் தொங்கியது. யாரும் தொடவில்லை. அது தானாகச் சுற்றியது.

டிக்... டிக்... டூல் இறங்கியது.

"எழுந்திருடா!"

"முடியல மாமா... யாரோ தலையை அமுக்குறாங்க..."

சட்டையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. எமர்ஜென்சி பட்டனைக் குத்தினார். மோட்டார் அடங்கியது.

டிக்...

நெற்றிப்பொட்டைத் தொட்டது.

நின்றது.

அவன் துள்ளி வெளியே விழுந்தான். உயிர் இருந்தது.

மறுநாள் மைக்ரான், மெஷினை செகண்ட் ஹேண்டில் விற்றவருக்கு போன் போட்டுக் கத்தினார். "ஓட்டை மெஷினை எங்க தலையில கட்டிட்டீங்களே!"

விற்றவர் குறுக்கிட்டார். "வலது ஓரமா சார்? எங்க ஆபரேட்டர் அங்கதான் தலையை வச்சான். செட்டர் பார்க்கச் சொன்னான்னு வச்சான். டூல் இறங்கி, அங்கேயே போயிட்டான்."

"நான் எமர்ஜென்சியை அழுத்தினேன், எங்க பையன் பொழச்சான்!" இதிலும் பெருமை.

"எங்க செட்டரும் அழுத்தினான் சார்."