காற்றுப் புகும் துணி

சபரிநாதனைப் பற்றி எழுத வேண்டுமென்றால், நான் அவரைத் திட்டியதையும் எழுத வேண்டும். அதை மறைத்தால் மாதாவே மன்னித்தாலும் என் மகள் ஜெனிட்டா மன்னிக்க மாட்டாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் அவள்.

நான் ரோசி. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் காதைத் தீட்டி வைத்துப் பிழைத்தவள். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ கிடந்தது. மரப்பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துக் கட்டியிருந்த துணியை மட்டும் எலி கடித்துக் குதறியிருந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றேன். ஹாலில் வைத்தால் அழகாக இருக்கும் என்றாள் ஜெனிட்டா. ஹாலில் உட்கார்ந்தால் அது பேச வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்க என் வீட்டில் எனக்கே அனுமதி இல்லை என்றேன். அப்படித்தான் அதைத் திருச்செங்கோட்டில் சபரிநாதன் கடைக்குக் கொண்டுபோனோம்.

சபரிநாதனுக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் ரிக் என்கிற போர்வெல் லாரியில் ஏறியவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று இருபத்தாறு வருடம் பூமியைத் துளைத்துக்கொண்டு திரிந்தார். லிவரைப் பிடித்த கையிலேயே அடியில் பாறையா மண்ணா என்று தெரிந்துவிடும் அவருக்கு. மழையில் வேலை நின்றுபோன ஒரு சமயம், ராய்ப்பூர்ப் பக்கம் பழைய சாமான் கடையில் செத்துக் கிடந்த ரேடியோ ஒன்றை வாங்கினார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அதற்கு உயிர் கொடுத்தார். அன்றிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் இடுப்பு வலி என்று சொல்லி ரிக்கை விட்டு இறங்கி, வீட்டு முன்னறையையே கடையாக்கிவிட்டார்.

இடுப்பு வலி சுத்தப் பொய். போனது காது. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று, கனத்த சத்தங்கள் மட்டும்தான் அவருக்கு மிச்சம். குக்கர் விசில் எட்டாது. ‘ச’, ‘ஸ’ மாதிரி மெல்லிய ஓசைகள் எட்டாது. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே சமாளித்து வந்தார். மனைவி சண்முகப்பிரியாவிடம்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாத மனுஷன் என்று அவள் வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்காதவன் ரேடியோ பழுது பார்க்கிறான் என்று வெளியே தெரிந்தால் கடைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள், மறுபடி ரிக்குக்குத்தான் போக வேண்டும் என்று அவருக்குப் பயம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்களாவது என்னைப்போல அவசரப்படாமல் இருங்கள்.

மூன்று வாரம் கழித்து வாங்கப் போனோம். பெட்டி பளபளவென்று இருந்தது. புதுத்துணி அரக்கு நிறம், நடுநடுவே பொன்னிழை. கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற மாதிரி மேஜைமேல் கொண்டுவந்து வைத்துச் சுவிட்சைப் போட்டார். செய்தி வாசித்தது ஒரு பெண். யாரோ அவள் வாயில் துணியை வைத்து அமுக்கினாற்போல இருந்தது.

“என்ன தம்பி, கம்பளிய போத்திக்கிட்டு பேசுற மாதிரி இருக்கு?”

“நல்லாத்தானுங்க இருக்குது. கணீர்னு இருக்குதுங்கம்மா.”

“கணீரா? ஒரு வார்த்தையும் விளங்கல.”

“இல்லீங்க, நான் பாத்துட்டுத்தான் கட்டுனனுங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேலையில் குறை இருக்கலாம், குறையை நிறை என்று சாதிப்பது எனக்கு ஆகாது. “உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். என் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தைதான், பங்குச் சாமியாரைக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் கறுத்துப்போனது. குனிந்து ரேடியோவின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் அவர் முதுகுப் பக்கமாகப் போய், “ரெண்டு மடிப்பா போட்டிருக்கீங்களா துணிய?” என்று கேட்டேன். பதில் இல்லை. உரக்கக் கேட்டேன். ஜெனிட்டா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் பாட்டுக்குத் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். டெலிபோன் லைனின் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மூச்சை வைத்தே சொன்னவள் நான். மூன்றடி தூரத்தில் இருந்தவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கத்தில் உடம்பே கூசியது.

முன்னால் வந்து, அவர் பார்க்கும்படி நின்று, மெதுவாகக் கேட்டேன். “தம்பி, காது கேக்காதா?”

திருப்புளியைக் கீழே வைத்தார். உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “ஊட்டுல சொல்லிப்போடாதீங்கம்மா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. “அத உடுங்க. சத்தத்துல என்ன கொறைங்க? அதச் சொல்லுங்க” என்றார். துணி கட்டிய பலகையை எடுத்துவிட்டுப் போடச் சொன்னேன். செய்தி பளிச்சென்று கேட்டது. பலகையை வைத்ததும் அமுங்கிப்போனது. கோளாறு துணியில்தான்.

சோபாவுக்குப் போடுகிற துணியை வாங்கி, அடியில் ஒரு உள்துணியும் கொடுத்து, முழுப் பலகைக்கும் பசை தடவி ஒட்டியிருந்தார். ரிக் வண்டியில் கெட்டியாக முடுக்காத எதுவும் பத்து நிமிடத்தில் கழன்று விழும். கெட்டியாக இருந்தால்தான் வேலை சுத்தம் என்பது அவருக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். ஸ்பீக்கர் துணிக்கோ நேர்மாறான குணம் வேண்டும். அடைப்பு அவர் காதுக்குத் தெரிந்திருந்தால் அன்றே பிரித்திருப்பார்.

எலி கடித்த பழைய துணித் துண்டை எடுத்தார். வாயில் வைத்து ஊதி, அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “காத்து வருதுங்க.” மிச்சமிருந்த புதுத்துணியில் ஊதினார். “இதுல வல்லீங்க.” இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “பத்து நாள் குடுங்கம்மா” என்றார்.

பத்து நாளில் எடப்பாடிக்கு நாலு நடை போயிருக்கிறார். ஒரு தறிக்கூடத்தில் இவர் துணி துணியாக எடுத்து வாயில் வைத்து ஊதுவதைப் பார்த்து, “ஏனுங்க, துணி வாங்க வந்தீங்களா, ஊத வந்தீங்களா?” என்று கேட்டாராம் தறிக்காரர். கடைசியில் இவர் மூலையில் போட்டிருந்த ஒரு துண்டைக் கையில் எடுத்திருக்கிறார்.

“அது கழிச்சுப் போட்டதுங்க. இழை நெருங்காம ஓடிப்போச்சு. கொசுவே புகுந்துரும்.”

“அதேதானுங்க வேணும்.”

டீத்தண்ணீரில் போட்டு நிறமேற்றி, இஸ்திரி போட்டு, இழை கோணாமல் இழுத்து, பலகையின் ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டியிருக்கிறார். இழை சாய்ந்துவிட்டதென்று மூன்று தடவை பிரித்துக் கட்டினாராம்.

ரேடியோவை அவரே ஃபேர்லேண்ட்ஸுக்குக் கொண்டுவந்தார். சேலத்தில் சேலை எடுக்க வேண்டுமென்று சண்முகப்பிரியாவும் கூட வந்திருந்தாள். துணி முன்னதைப்போலப் பளபளப்பு இல்லை, காய்ந்த வைக்கோல் நிறம். சுவிட்சைப் போட்டார். செய்திக்காரி எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அதோடு அவர் கிளம்பியிருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “பிரியா, நல்லாருக்குன்னு அம்மா சொல்றாங்க. எனக்குத் தெரியல. காது போயிருச்சு. ரிக்குலயே போயிருச்சு.”

“எப்பருந்து?”

“ஏழெட்டு வருசமாச்சு.”

அவள் எழுந்து நின்றாள். சண்டைதான் என்று நினைத்தேன். “நாங் கூப்புட்டுத் திரும்பாதப்பல்லாம் திமிருன்னு நெனச்சு, எத்தன நாளு பேசாம இருந்திருக்கறேன்!” என்றாள். “சொல்லி இருக்கக்கூடாதா?”

“தெரிஞ்சா ஆளுங்க கடைக்கு வரமாட்டாங்கன்னு...”

“வல்லைன்னா போறாங்க. சத்தத்த நாங் கேட்டுச் சொல்றேன், துணிய நீங்க ஊதிப் பாருங்க. மறுக்கா ரிக்குக்குப் போறேன்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க.”

நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே, முட்டி முட்டியில் இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள். ரேடியோவை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். “சேலம், நாமக்கல்லுல ரெண்டு நாளைக்கு மழையாமா.”

“அப்பறம்?” என்றார் அவர்.

நான் காபி போடப் போனேன். வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன். செய்தி முடியும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் ரேடியோ பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.