மிராசுதார் ஜீப்பின் வால்வு சீட்டுகள்

அப்பா கூலிவேலை பார்த்த மிராசுதார் வீட்டின் பழைய பட்டாள ஜீப்பைப் போன மாதம் வாங்கினேன். இன்ஜினில் வால்வு சீட்டுகள், அதாவது வால்வு உட்காரும் வளையங்கள், லூசாகியிருந்தன.

இன்று நீடாமங்கலம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் புது வளையங்களை ஐஸில் போட்டுச் சுருங்கவைத்து, சூடாக்கிய இன்ஜின் பிளாக்கில் இறக்கினார். "குளிர் விட்டதும் விரிஞ்சு இறுக்கிப் பிடிச்சுக்கும் சார்."

மாலையில் வண்டி உறுமியது. உடன் வந்திருந்த அப்பா சட்டென்று தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி நின்றார். அந்தக் காலத்தில் இந்த ஜீப் வந்தால் கூலியாட்கள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

"அப்பா, இது நம்ம வண்டிப்பா."

"எனக்குத் தெரியுது. காலுக்குத்தான் இன்னும் தெரியல."

முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். வழியில் நடந்துபோன ஒவ்வொருவருக்கும் வண்டியை நிறுத்தச் சொல்லி, "ஓரம்போக வேணாம், ஏறிக்குங்க" என்றார்.

வீடு வந்தபோது ஜீப்பில் பதினோரு பேர். வால்வு சீட்டு அசையவில்லை. நாளைக்கு யாரெல்லாம் ஏறுகிறீர்கள்?