சோதிலிங்கத்தாரின் காரும் ஜெயமலரின் ஓட்டமும்

ஜெயமலர் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் டொக்டருமில்லை, சீனி வருத்தமுமில்லை. எல்லாம் ஒரு ட்ராம் செய்த வேலை. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிற மனுசி, ஒருநாள் காலை தரிப்பிடத்துக்கு வந்து சேரவும், ட்ராம் கதவைச் சாத்திக்கொண்டு புறப்படவும் சரியாக இருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நில்லடா!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். சிவப்பு விளக்கு வேறு ட்ராமை மறித்து அவள் பக்கம் நின்றது. அடுத்த தரிப்பிடத்தில் அதே ட்ராமில் ஏறி உட்கார்ந்தாள். ஐம்பது வயதில் ஒரு ட்ராமைத் துரத்திப் பிடித்த மிதப்பு அன்று முழுக்க இறங்கவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஓடுகிற சப்பாத்து வாங்கினாள். "இந்த வயசில உனக்கென்ன விசரோ?" என்று கேட்ட கணவன் நாகமுத்து, கேட்ட கையோடு, ஓடிய தூரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றையும் வாங்கி வந்து மேசையில் வைத்தான். அவன் அப்படித்தான்.

முதலில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும்தான் முடிந்தது. பிறகு நடை, பிறகு மறுபடி ஓட்டம். "பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் உனக்கான வேகம்" என்று சமையலறைத் தோழி பிர்கிட் சொல்லிக்கொடுத்தாள். பேசுவதற்கு ஆளில்லை, ஆகவே ஜெயமலர் நாகமுத்துவை மெல்லிய குரலில் திட்டிக்கொண்டே ஓடினாள். திட்டுவதற்கு விஷயம் தீருகிற பாடில்லை. தூரமும் கூடிக்கொண்டே வந்தது.

ஆனால் தமிழ்ச் சனம் இருக்கிற ஊரில் ஒருத்தி நிம்மதியாக ஓடிவிட முடியுமா? சோதிலிங்கத்தார் என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் நகர பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வீதியோரம் ஒருவர் ஓடுவதைக் கண்டால், ஏற்றாமல் போக அவருக்கு மனம் வராது.

"பிள்ளை, பஸ்ஸை விட்டிட்டீரோ? ஏறும், ஏறும்."

"இல்லை அண்ணை, நான் சும்மா ஓடுறன்."

"கார் நிக்கேக்க சும்மா ஏன் ஓடுவான்? ஏறும்!"

பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடிக்கும். மாட்டேன் என்றால், "என்னில என்ன கோபம்?" என்று அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கேட்பார். ஜெயமலர் ஏறிவிடுவாள். அவர் தமிழ்க் கடைக்குப் போய், வெண்டைக்காய் வாங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து அவளை வீட்டில் இறக்குவார். கையில் கட்டியிருந்த கடிகாரம் மட்டும் அத்தனை தூரத்தையும் விசுவாசமாக எண்ணிக்கொண்டிருந்தது.

ஒருநாள் இடைவேளையில் பிர்கிட் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டாள். "மலர்! பத்துக் கிலோமீட்டரை இவ்வளவு வேகமாகவா?" என்று கத்தினாள். சமையலறையே கூடிவிட்டது. இலையுதிர் காலத்தில் நடக்கும் பத்துக் கிலோமீட்டர் நகர ஓட்டத்துக்கு அவர்களிடம் நாலு பேர் கொண்ட அணி ஒன்று இருந்தது. அதில் ஒருத்திக்கு முழங்கால் வலி. நாலு பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டால்தான் அணி கணக்கில் வரும். ஜெயமலர் கையைத் துடைத்து முடிக்கும் முன்பே அவள் பெயரைக் கொடுத்தாகிவிட்டது.

விஷயம் கேட்டு நாகமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "நீ ஓடினது பாதி, அண்ணை ஓட்டினது பாதி. போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வா."

மறுநாள் போய்ச் சொன்னாள். கண்ணில் நீர் வரச் சிரித்த பிர்கிட், "பெயரை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லத்தான் ஜெயமலர் வாயைத் திறந்தாள். "வேண்டாம், ஓடுறன்" என்றுதான் வந்தது. ஐந்து கிலோமீட்டரை அவள் அதுவரை தாண்டியதே இல்லை. ஆனால் அந்த ட்ராமைப் பிடித்த நாளின் சந்தோஷம் மறுபடி வேண்டும் போலிருந்தது. அதுவும் கார் இல்லாமல், தன் காலால்.

நேரே சோதிலிங்கத்தார் வீட்டுக்குப் போனாள். "அண்ணை, இனி என்னை ஏத்தாதேங்கோ."

மனிதருக்கு முகம் தொங்கிப்போனது. "ஏன் பிள்ளை, என்ர ஓட்டத்தில ஏதும் பிழையோ?"

கடிகாரக் கதையைச் சொன்னதும் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சத்தியமா ஏத்தமாட்டன்" என்றார். அந்தச் சனிக்கிழமையே பள்ளிக்கூட வாசலில் ஊருக்கும் அறிவித்துவிட்டார். அதன்பின் தமிழ்க் கார்கள் நிற்பதில்லை; கண்ணாடியை இறக்கி, "விடாதேங்கோ அக்கா!" என்று கத்திவிட்டுப் போகும்.

ஒரு ஞாயிறு நடுவழியில் மழை கொட்டியது. காலிரண்டும் கல்லாய்க் கனத்தன. தெரிந்த கார் ஒன்று வர, வெட்கத்தை விட்டுக் கையைக் காட்டினாள்.

சோதிலிங்கத்தார் கண்ணாடியைக் கொஞ்சமாய் இறக்கினார். "ஏலாது பிள்ளை. சத்தியம் பண்ணிப்போட்டன்."

"அண்ணை, மழை!"

"ஓம், நல்ல மழை. ஓடும்!"

அதோடு போய்விடவில்லை. மஞ்சள் விளக்கை மின்னவிட்டு, அவளுக்கு முன்னால் ஊர்ந்து போனார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தே களைத்தார்கள். அன்றைக்கு நாகமுத்துவுக்கு ஓய்வு. வீடு வரைக்கும் சோதிலிங்கத்தாரைத்தான் திட்டிக்கொண்டு ஓடினாள். வாசலில் கடிகாரத்தைப் பார்த்தால் எட்டுக் கிலோமீட்டர். நனைந்த கோழியாய் நின்று கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

போட்டியன்று நல்ல வெயில். ஒன்பதாவது கிலோமீட்டர் தாண்டியதும் ஏற்றம் ஒன்று வந்தது. மூச்சு நெஞ்சில் அடைத்தது. பிர்கிட்டும் மற்ற இருவரும் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். இனி இவள் ஒருத்திதான் பாக்கி. இவள் நின்றால் அவர்கள் மூவரும் ஓடியது வீண். நடந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில், கயிற்றுக்கு அப்பால் ஒரு தொண்டை கிழிந்தது.

"பிள்ளை! ரோட்டைப் பூட்டிப்போட்டாங்கள், கார் வராது! ஓடும்!"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே ஏறினாள், சிரித்துக்கொண்டே இறங்கினாள். எல்லைக்கோட்டில் பிர்கிட் அவளை அப்படியே தூக்கிவிட்டாள். நாலு பேரும் வந்தாயிற்று, அணி கணக்கில் சேர்ந்தாயிற்று. சமையலறைக்காரிகள் நாலு பேரும் நடுவீதியில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

மூலையில் நிறுத்தியிருந்த காரின் கதவைச் சோதிலிங்கத்தார் திறந்து பிடித்தார். முன் இருக்கையிலிருந்த நாகமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

"இப்பவாவது ஏறும் பிள்ளை."

ஜெயமலர் ஒரு காலை உள்ளே வைத்தாள். சட்டென்று மறுபடி வெளியே எடுத்தாள்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ அண்ணை" என்று கடிகாரத்தை நிறுத்தினாள். பிறகுதான் ஏறினாள்.