பெயர் இருக்கிறது, படம் இல்லை

மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் சாலமனுக்கு ஒரு பழக்கம். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கம்ப்யூட்டரில் படங்களுக்கு வெறும் நம்பரைப் போட்டு விட்டுவிடுவார்கள். இவன் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைப்பான், 'மாமன் சீர்த்தட்டு', 'பந்தலில் சண்டை' என்று. வேலைவெட்டி இல்லையா என்று மனைவி பூவிழி திட்டுவாள். திட்டினால் கேட்கிற ஆளா?

ஒருமுறை கரண்ட் போய்ப்போய் வந்ததில் அவனுடைய லினக்ஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் குழம்பிப்போனது. புதுச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக், அதைச் சரிசெய்யத் தொடங்குமுன் மெட்டாடேட்டாவை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டார். எந்தப் படத்துக்கு என்ன பெயர், எவ்வளவு பெரியது, டிஸ்க்கில் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற விவரம், அவ்வளவுதான். படம் அதில் வராது. ரிப்பேர் சொதப்பியது. எடுத்துவைத்த விவரத்தைத் திரும்பப் போட்டார். படங்கள் டிஸ்க்கிலேயே அழியாமல் கிடந்ததால் அத்தனையும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து சாலமனுக்குத் தலைகால் புரியவில்லை. கடையைப் பூட்டுமுன் தினமும் அந்த விவரத்தைப் பென் டிரைவில் எடுத்துவைத்துவிடுவான். கேட்பவர்களிடமெல்லாம், "காப்பி இருக்குதுங்க, கவலையே வேணாம்" என்பான். படங்களையே பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. அடுத்த முகூர்த்தம் முடியட்டும், அடுத்த முகூர்த்தம் முடியட்டும் என்றே தள்ளிப்போட்டான். சோம்பேறித்தனம், வேறென்ன!

உப்புக்காற்று இந்த ஊரில் எதை விட்டுவைத்தது? இந்த மழைக்காலத்தில் டிஸ்க் ஒரேயடியாகச் செத்துப்போனது. சென்னைக்கு அனுப்பிப் பார்த்தான். உள்ளே துரு என்று கைவிரித்துவிட்டார்கள்.

அந்த வாரம்தான் உப்பளத்தில் வேலை செய்யும் இருசப்பன் கடைக்கு வந்தார். மனைவி அம்சவள்ளி காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டாள். கருமாதிக்குப் படம் மாட்ட வேண்டும். மகளின் மஞ்சள் நீராட்டுக்குச் சாலமன் எடுத்ததைத் தவிர அம்சவள்ளிக்கு நல்ல படமே கிடையாது. வீட்டிலிருந்த ஆல்பம் புயல் வெள்ளத்தில் ஊறிப் பாழாகியிருந்தது.

"நீதான் காப்பி இருக்குதுன்னியேப்பா" என்றார்.

சாலமன் வேறு வழி தெரியாமல் பென் டிரைவைச் செருகினான். பெயர்கள் வரிசையாக ஓடின.

"இன்னாப்பா எழுதியிருக்குது?"

"அம்சவள்ளி அக்கா மஞ்சள் புடவை. அம்சவள்ளி அக்கா நலங்கு வைக்கறாங்க. அம்சவள்ளி அக்கா வாய்விட்டுச் சிரிக்கறாங்க." அதற்குமேல் அவனால் படிக்க முடியவில்லை. "பேருதாண்ணா இருக்குது. படம் போயிடுச்சு. என் தப்புதாண்ணா."

இருசப்பன் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட சாலமன் தாங்கியிருப்பான். சட்டைப்பையிலிருந்து அவளுடைய ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் யாரோ ஒருத்தி மிரண்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

"இதையே பெருசு பண்ணிக் குடுப்பா" என்றார். "அவ சிரிச்சது, சண்ட போட்டது, எல்லாம் ஞாபகம் இருக்குது. மூஞ்சிதாம்பா... கண்ண மூடுனா இந்த அட்டையில இருக்கறவதான் வர்றா."