‘யாருக்க பிள்ளை?’ என்று திருப்பிக் கேட்கச் சொன்ன டீச்சர்

லீலாபாய் டீச்சர் இறந்துபோன செய்தி என் போனில்தான் வந்தது. மாலை போட்ட ஒரு படம், கீழே இரண்டு வரி. யாரோ யாருக்கோ அனுப்பி, அது ஊரெல்லாம் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. “வாற செய்திக்குத் தகப்பன் யாருன்னு கேக்காம அடுத்தவியளுக்கு அனுப்பப்படாது ஏட்டி” என்று முன்பு என்னைத் திட்டியவரே அவர்தான். அதனால் யாருக்கும் அனுப்பாமல் அவர் வீட்டுக்கே போன் போட்டேன். அவர் கணவர் எடுத்தார். “உள்ளதுதான் அமலி” என்றார். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி சரியாகச் செய்துவிட்டு, அதற்காக நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

கூட வேலை பார்த்த ஆசிரியர்கள் அவரைப் பற்றி அழகாக எழுதுவார்கள். நான் அதே தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் சிவப்பு மையோடு வந்து திருத்தட்டும். வந்தால் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். ஆனால் என் மகளை ஒரு கெட்ட கண்ணியிலிருந்து வெளியே எடுத்தவர் அவர். அதை நான்தான் எழுத வேண்டும்.

சுசீந்திரத்துப் பக்கம் எங்கள் வயற்காட்டு ஊரில் டச் போன் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருந்தால் அந்த வீட்டில் ஒரு போன் இருக்கும். பெரியவர்களுக்கு அதைத் திறக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு அதை மூடத் தெரியாது. பார்த்துப் பார்த்து டீச்சர் ஒருநாள், போனில் ஏமாறாமல் இருப்பதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். “கம்ப்யூட்டர் பீரியடே இல்லாத பள்ளிக்கூடத்துல இதுக்கு ஏது டீச்சர் பீரியடு?” என்று நான் கிண்டல் செய்தேன். சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உப்புக்குன்னு நீ தனியா ஒரு குழம்பு வைக்கியா? எல்லாத்துலயும் போடுகதுதானே. இதுல கொஞ்சம் கொறவு, பாத்துக்கோ.”

அப்படியே எல்லாப் பாடத்திலும் போட்டார். தமிழில் கடிதம் எழுதும் பாடம் வந்தால், வீட்டு விலாசத்தை யாருக்கு எழுதலாம், யாருக்கு எழுதக் கூடாது என்று ஒரு மணி நேரம். கணக்கில், ஒருத்தி தன் படத்தை இரண்டு பேருக்கு அனுப்பினாள், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு அனுப்பினார்கள் என்று பெருக்கல். புளியங்கொட்டை வைத்து எண்ணினார்கள். என் சமையலறையிலிருந்து வாங்கிப்போன கொட்டையெல்லாம் தீர்ந்துபோனது, கணக்கு தீரவில்லை. “இனி திருப்பி எடுங்க பாப்போம்” என்றார். ஒரு பிள்ளைக்கும் வழி தெரியவில்லை. அறிவியலில் மீன் வந்தபோது சொன்னதை இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்வார்கள்: “மீனுக்குப் புழு இலவசம்தான் மக்கா.”

ஆனால் பெரிய சண்டை வந்தது ஒரு கேள்வியால். நம் ஊரில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பெரியவர்கள் முதலில் கேட்பது, “நீ யாருக்க பிள்ளை?” பிள்ளையும் அப்பா பேர், தாத்தா பேர், வீடு, தொழில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். அதுதான் மரியாதை. டீச்சர் அந்தப் பழக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார். “போன்ல முகம் தெரியாத ஆளு கேட்டா ஒண்ணும் சொல்லப்படாது. ‘நீங்க யாருக்க பிள்ளை?’ன்னு திருப்பிக் கேக்கணும்.”

பிள்ளைகள் சும்மா இருக்குமா? மூன்றாம் வகுப்பு அஜினுடைய அப்பா துபாயிலிருந்து புது நம்பரில் கூப்பிட்டார். இவன் எடுத்து, “நீங்க யாருக்க பிள்ளை?” என்றான்.

“எலே, நான் ஒனக்க அப்பனாக்கும்!”

“அது எல்லாரும் சொல்லுவாவ. அப்பனுக்க அப்பன் பேரச் சொல்லுங்க.”

அந்த அப்பனுக்கு அப்பன் மறுநாள் காலையிலேயே பள்ளிக்கு வந்துவிட்டார். “மூத்தவியளப் பாத்து யாருக்க பிள்ளைன்னு கேக்க வைக்கியளே, இது படிப்பா டீச்சர்?” என்று குதித்தார். “உங்க பேர அவன் மறக்கல்லையே, அதுல சந்தோஷப்படுங்க” என்றார் டீச்சர். கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமை ஆசிரியருக்கு வரவில்லை; இனி இந்தக் கேள்வி வேண்டாம் என்றார். டீச்சர் பெற்றோர் கூட்டம் போடச் சொன்னார்.

கூட்டத்தில் அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இல்லை. எங்களைப் பற்றித்தான் பேசினார். “பிள்ளை ஒரு காரியம் சொல்ல வந்தா கையில உள்ள வேலைய நிறுத்தாதீங்க. நீங்க திடுக்கிட்டா அது வாய மூடிரும். அடிச்சா, பெறகு எப்பவும் தெறக்காது.” “அப்போ அமலி கரண்டியோடயே நிக்கட்டும்” என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக் கதை. ஐந்தாம் வகுப்பு படித்த என் மகளுக்கு, என் தம்பி கொண்டு வந்த போனில் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, அதே வயது என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அவ என் படம் கேக்குகா. யூனிபார்ம் போடாத படம் வேணுமாம். யாருக்கும் சொல்லப்படாதாம்.”

என் நெஞ்சு நின்றுவிட்டது. கையை மட்டும் நிறுத்தவில்லை.

“நீ என்ன சொன்ன மக்கா?”

“யாருக்க பிள்ளைன்னு கேட்டேன். ‘எங்க அப்பா அம்மாவுக்குத்தான்’னு எழுதியிருக்கு. மார்த்தாண்டத்துக்காரி அப்படியாம்மா சொல்லுவா?”

சொல்ல மாட்டாள். பேக்கரிக்காரர் மகள் என்பாள், கருங்கல் வீட்டுப் பேத்தி என்பாள். அப்பா அம்மாவுக்குப் பிள்ளை என்று நம் ஊரில் எவள் சொல்வாள்? சிரட்டை தெரியும்வரை திருவினேன். அன்றைய துவையலில் பாதி சிரட்டைதான்.

மறுநாள் டீச்சர் போனைப் பார்த்தார்; எதையும் அழிக்க விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னோடு வந்து, எனக்கு வாய் வராத இடத்திலெல்லாம் அவர் பேசினார். சிநேகிதி என்று வந்தது ஒரு வளர்ந்த ஆண். அவன் பிடிபட்டான். என் மகளின் கெட்டிக்காரத்தனத்தை ஊர் முழுக்கச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. டீச்சர் என் தொடையில் கிள்ளினார். “பேரு வெளிய போகப்படாது ஏட்டி. அவ கேள்வி கேட்டதைவிடப் பெருசு, ஒங்கிட்ட வந்து சொன்னது.” தலைமை ஆசிரியர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தடுக்கவில்லை. இதையும் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் பேரை எழுதவில்லை, பாருங்கள்.

அவள் இப்போது நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அடக்கம் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று கூப்பிட்டாள். டீச்சருக்காக இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு குரலை இறக்கி, “அம்மா, ஒரு காரியம் சொல்லணும்” என்றாள். எந்த அம்மாவும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்கிற வார்த்தைதான். டீச்சரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, அந்த நேரத்தில் என் கை தானாகவே பக்கத்தில் கிடந்த முருங்கைக்கீரையை எடுத்து உருவத் தொடங்கியதுதான்.

“சொல்லு மக்கா” என்றேன். “நான் கீரைதான் உருவிட்டிருக்கேன்.”