முந்தானையில் முடிந்த பீஸ் கட்டை

எனக்குக் கிணறு என்றால் பயம். பாப்பாரப்பட்டி சந்தைக்குப் பக்கத்தில் மிளகாய் வியாபாரி வீட்டில் பிறந்து, தராசையும் சாக்கையும் பார்த்து வளர்ந்தவள் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அங்கே பெண்கள் கிணற்றில் குதித்து நீந்தினால் நான் பத்தடி தள்ளி நின்றுகொள்வேன். தண்ணீர் சேந்தும்போதும் ஒரு கையால் கல்தூணைப் பிடித்துக்கொள்வேன். "கெணறு என்ன உன்னக் கடிச்சா தின்னுபுடும்?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

கேலி செய்த மனிதரே ஒருநாள் அந்தக் கிணற்று மேட்டில் விழுந்தார். அப்போது எங்களுக்குக் கவலை ஏற்றம்தான். பெரிய சால் ஒன்று கிணற்றுக்குள் இறங்கும். அதன் வடக்கயிற்றை மாடுகள் சரிவில் இழுத்துக்கொண்டு போனால் தண்ணீர் மேலே வந்து கொட்டும். ஓட்டுகிறவர் கயிற்றின் மேலேயே உட்கார்ந்து போக வேண்டும். வடம் அறுந்துபோனது. உட்கார்ந்த வாக்கில் சரிவில் போய் விழுந்தவர், எழுந்து நடக்க மாதக்கணக்கானது. இனிமேல் குனிந்து ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மாமனாருக்குத் தினமும் மாடு ஓட்டுகிற வயதில்லை. விளைச்சலில் பங்கு என்று பேசி நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு, மகனைப் பெங்களூரில் தெரிந்தவருடைய ஓட்டலில் கல்லாவில் உட்கார அனுப்பிவிடலாம் என்றார். அதாவது அவர் அங்கே, நான் இங்கே. கல்யாணப் புடவையின் மடிப்பே இன்னும் கலையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"கரண்டு மோட்டாரு வெச்சுரலாங்க மாமா. மாட்ட வித்துரலாம்."

அந்த வீட்டில் நான் வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. மாமனார் என்னைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார்.

"மோட்டாரு ஓடலன்னா?"

"நானே அவருக்குப் பெங்களூருக்கு மூட்டை கட்டிக் குடுக்கறனுங்க."

திமிர்தான். ஆனால் அந்தத் திமிர் இல்லாவிட்டால் அன்றைக்கு நான் அழுதிருப்பேன்.

மாடுகள் போயின. மோட்டார் வந்தது. கிணற்றின் உட்சுவரில் ஒரு திட்டு வெட்டி அதில் மோட்டாரை உட்கார வைத்தார்கள். மேலே சின்னக் கொட்டகை, அதற்குள் சுவிட்சுப் பெட்டி. மாட்டிவிட்டுப் போக வந்த மெக்கானிக் என்னைத்தான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். "கொழாய் ரொம்பி நிக்கோணும்மா. அடியில ஒரு மூடி இருக்குது. உள்ள வர்ற தண்ணிய உடும், வெளிய போக உடாது. கொழாய்ல தண்ணி நிக்கலீன்னா மோட்டாரு வெறும் காத்தத்தான் இழுக்கும்." நான் கேட்டுக்கொண்டே ஊற்றினேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புது வெள்ளாமைக்கு முதல் தண்ணீர் இறைக்கிற நாளில் கிணற்றுத் தெய்வங்களான கன்னிமாருக்குப் படைத்த பூவைக் கிணற்றில் போடுவார்கள். முதல் சாலில் அந்தப் பூ மேலே வந்து, வாய்க்காலில் மிதந்து வயலுக்குப் போனால் கன்னிமார் சம்மதம் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாமனார் மனசுக்குள் என்ன நினைத்தாரோ, அன்றைக்கு உதிரிப்பூ போடவில்லை. சாமந்தி மாலை ஒன்றை முழுசாகத் தூக்கிப் போட்டார்.

பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஊரே கூடி நின்று சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் இளைத்து, நூலாகி, நின்றேபோனது. பூவும் வரவில்லை. மெக்கானிக் பூப் போடுவதற்கு முன்பே பஸ் ஏறிப் போயிருந்தார். ஆள் அனுப்பியதில், வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார், வர ஒரு வாரமாகும் என்று தகவல் வந்தது.

மஞ்சள் நட்ட புதிது. சித்தேரி மலைப்பக்கம் ஒரு மேகம்கூட இல்லை. இரண்டு நாள் குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தேன். முளைவிட்ட நுனிகள் கருகத் தொடங்கின. மாமனார் வீட்டுக்குள்ளிருந்து, பெங்களூருக்கு வேட்டிகளை அடுக்கிய பையை எடுத்துவந்து மகன் பக்கத்தில் வைத்தார். "கன்னிமாருக்கு இஷ்டமில்ல. வாரத்துக்குக் கேட்டவன நாளைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் அந்தப் பையை இழுத்துத் தன் கால்மாட்டில் வைத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நான் மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இறங்கியது. அப்படியானால் அடி மூடி மூடவில்லை. ஏதோ சிக்கியிருக்கிறது. யாராவது இறங்கிக் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

கிணற்று மேட்டில் நின்ற ஆம்பிளைகளிடம் கேட்டேன். எல்லோரும் நீச்சல் தெரிந்தவர்கள்தான். "தண்ணியில கரண்டு நிக்கும்மா. ஆராச்சும் எறங்குவாங்களா?" என்று ஒருவர் பின்னால் நகர்ந்தார். மற்றவர்களும் நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

"வேண்டாம். போனாப் போகுது. நான் பெங்களூரு போறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கயித்தக் கட்டுங்க" என்றேன்.

அதற்கு முன்னால் கொட்டகைக்குள் போனேன். தான் இல்லாத நேரத்தில் வேறு யாரும் எடை போட்டுவிடக் கூடாது என்று, என் அப்பா தராசை விட்டு எழுந்தால் எடைக்கல்லைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் எழுவார். அவர் மகள் நான். பெட்டியைத் திறந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவை இல்லாமல் மோட்டாருக்குக் கரண்டு போகாது என்று மெக்கானிக் மாட்டும்போது சொல்லியிருந்தார். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இடுப்பில் கயிறு. மறுமுனையைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி அவர் பிடித்துக்கொண்டார். கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கற்படிகளில் சுவரைப் பார்த்தபடி இறங்கினேன். கால் அடுத்த கல்லைத் தேடித் தேடித் துழாவியது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துக் கீழேயே பார்த்தேன். பாசி படிந்த கல்லில் ஒரு தடவை கால் வழுக்கிற்று. கயிறு இடுப்பை வெட்டியது. மேலே அவர் வலியில் கத்தியது கேட்டது. ஏறிவிடலாமா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அந்தப் பைதான் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசிப் படியில் நின்றேன். தண்ணீர் மார்பளவு. ஜில்லென்று இருந்தது. குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முகத்தை முக்கிக் கையை அடியில் விட்டேன். சல்லடை மாதிரியான கூடு தட்டுப்பட்டது. அதன் ஓட்டை வழியாக, மாலை கட்டிய வாழைநார் உள்ளே போய் மூடியின் வாயில் இறுகிக் கிடந்தது. இழுத்தேன், வரவில்லை. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கி விரலில் சுற்றி இழுத்தேன். நாரும் அழுகின சாமந்தியுமாகக் கையோடு வந்தது.

சந்தோஷத்தில் என்னை மறந்து கத்தினேன்: "ஆச்சு!"

மேலே கொட்டகையில் 'டக்'கென்று ஒரு சத்தம்.

மோட்டாரை ஓட வைக்கும் பச்சைப் பொத்தானின் சத்தம் அது. என் கை அப்போதும் குழாயில்தான் இருந்தது. மோட்டார் முனகவில்லை. தண்ணீர் அசையவில்லை. இடுப்பில் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

மேலே ஏறிய கதை எனக்கு ஞாபகமில்லை. என் வீட்டுக்காரர் வெளுத்துப்போய் நின்றார், உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. கொட்டகை வாசலில் மாமனார். விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கவலை ஓட்டிய காலத்தில் சால் நிறைந்ததும் கிணற்று விளிம்பில் நிற்கிறவர் "ஆச்சு!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு மாமனார் மாட்டை முடுக்குவார். ஆயுசு முழுக்கச் செய்த வேலை. குரல் கேட்டதும் கை தானாகப் போய்விட்டது.

"சாலு ரொம்பிருச்சுன்னு..." என்றார்.

முந்தானையை அவிழ்த்து மூன்று கட்டைகளையும் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பொத்தானை அமுக்கிய விரலை அவர் மற்றக் கையால் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கட்டைகளைத் துண்டால் துடைத்து வெயிலில் காய வைத்தோம். மூடியின் இடுக்கு அடைபட, சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றினேன். தண்ணீர் குழாயின் கழுத்துவரை வந்து நின்றது, இறங்கவில்லை. கட்டைகளை மாட்டிவிட்டு, "வாங்க மாமா, நீங்களே போடுங்க" என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நானே போட்டேன்.

தண்ணீர் சாணி நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. கூடவே சாமந்தி இதழ்கள் நாலைந்து வந்து வாய்க்காலில் மிதந்தன. "பூ வந்துருச்சுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் வாய்க்காலோடு ஓடினார்கள். மாமனார் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். அந்த வீட்டில் வடக்கயிறும் சாலும் எப்போதும் மாமனார் அறையில்தான் இருக்கும். அவர் எடுத்துக் கொடுத்தால்தான் தண்ணீர். அதனால் பீஸ் கட்டைகளையும் பிடுங்கி அவரிடமே கொடுக்கப் போனேன். அவர் கையை நீட்டவில்லை. பெங்களூருக்கு எடுத்து வைத்திருந்த பையைக் கவிழ்த்து வேட்டிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது உங்கிட்டயே இருக்கட்டும் கண்ணு" என்றார். "நானே வந்து கேட்டாலும் குடுக்காத."