ஒரு பிள்ளை, இரண்டு மடி, ஒரு கடுவன்

போன வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, என் மகளின் தங்கக் கம்மலை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சிரிக்காதீர்கள். நானே இதை எழுதும்போது சிரிப்பு தாங்காமல் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது. காரணம் கம்மல் இல்லை... என் வாய்!

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் சுந்தரம் வடமதுரையில் உரக்கடை வைத்திருக்கிறார். தம்பி கண்ணன் கொடைரோட்டில் வேன் ஓட்டுகிறான். இரண்டு பேரும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. அப்படி என்ன சண்டை? சொத்தா? நிலமா? அட, அதெல்லாம் இல்லை. சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்குத் துண்டு போட்டார்கள். மூத்தவர் என்ற முறையில் முதல் துண்டு அண்ணனுக்கு. ஆள் தெரியாமல் அதைத் தம்பி தோளில் போட்டுவிட்டார்கள். அவன் உடனே எடுத்து அண்ணன் தோளில் போட்டிருக்கலாம் அல்லவா? போடவில்லை. அந்தத் துண்டோடு போட்டோவுக்கு வேறு நின்றான். தொலைந்தது!

இந்த லட்சணத்தில்தான் என் மூன்று வயது மகள் நிலாவுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம். கம்மலும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர் என்றால் மூத்தவர் மடியில் வைப்பார்கள், இளையவர் பக்கத்தில் உட்காருவார். இவர்கள்தான் பக்கத்தில் உட்காரும் ஜாதியே இல்லையே!

அண்ணன் போன் போட்டார். “ஏத்தா, பிள்ளைய யார் மடியில வைக்கப் போற?”

“என்னண்ணே கேள்வி இது? உங்க மடியிலதான்.”

அரை மணி நேரத்தில் தம்பி. “அக்கா, என் மடிதான? இல்லைன்னா இப்பவே சொல்லிரு, நான் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேன்.”

“உன் மடிதான்டா, வந்து சேரு!”

வேறு என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் ஒருத்தர் வரமாட்டார். இன்றைக்கு வராதவர் அப்புறம் என் வீட்டு வாசலையே மிதிக்க மாட்டார். இரண்டு பேரில் எந்த ஒருவரை நான் விடுவது? அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கும் வந்துவிட்டது!

சிறுமலை அடிவாரத்தில் என் வீட்டுக்காரருடைய குலசாமி கோயில். அண்ணன் ஒரு பக்கமிருந்து கொட்டு முழக்கத்தோடு இருபத்தோரு தட்டு சீர் கொண்டுவந்தார். தம்பி மறுபக்கமிருந்து இன்னொரு கொட்டோடு இருபத்தைந்து தட்டு! தட்டெல்லாம் சிறுமலை வாழைப்பழம். கோயில் மாமரத்தில் இருந்த குரங்குகளுக்கு எப்படி இருந்திருக்கும்? தங்கள் வீட்டுச் சாப்பாட்டை யாரோ ஊர்வலமாகக் கொண்டுவருகிற மாதிரிதான் இருந்திருக்கும்.

இரண்டு பேரும் சமுக்காளத்தின் இரண்டு ஓரத்திலும் சம்மணம் போட்டு, மடியைத் தயாராக வைத்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கம்மல் பெட்டி. காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “பிள்ளைய எந்த மடியிலம்மா வைக்க?”

நான் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் தம்பியை முறைத்தார். தம்பி அண்ணனை முறைத்தான்.

என் வீட்டுக்காரர் விலங்கியல் வாத்தியார். வீடு தீப்பிடித்தாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நினைக்கிற மனுஷன். என் காதோரம் வந்து மாமரத்தைக் காட்டினார். அங்கே இரண்டு ஆண் குரங்குகள், ஒரு பெரிய கடுவனும் ஒரு சின்னக் கடுவனும், கிளையின் இரண்டு நுனியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தன.

“கண்ணுக்குக் கண்ணு முறைச்சா சண்டைக்கு வர்றியான்னு கேக்குதுன்னு அர்த்தம். யாரு பெரியவன், யாரு முதல்ல திங்கிறதுங்கிற சண்டைதான். அதுகளையும் பாரு, உங்க ஆளுகளையும் பாரு!”

அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அந்த நேரத்தில்தான் பெரிய கடுவன் இறங்கியது. ஓடவில்லை, தாவவில்லை. விருந்துக்கு வந்த பெரிய மனுஷர் போல நடந்து வந்தது. இருபத்தோரு தட்டுப் பழத்தையும் விட்டுவிட்டு, அண்ணன் முன்னால் இருந்த கம்மல் பெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

மொத்தக் கூட்டமும் “ஐயோ!” என்றது. அடுத்த நிமிஷமே யோசனைகள் கிளம்பிவிட்டன. “அதான் சின்னவர் கம்மல் இருக்குல்ல... நல்ல நேரம் முடியப் போகுது, அவர் மடியில வச்சுக் குத்திருவோம்!”

தம்பி ஜெயித்துவிட்டான். ஐந்து வருஷத்துச் சண்டையில் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்துவிட்டான். பிள்ளையை வாங்கக் கையை நீட்டியவன், அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். உரக்கடையில் அம்புட்டுப் பேரை அதட்டுகிற மனுஷர், சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தம்பி வேட்டியை மடித்துக் கட்டினான். விறுவிறுவென்று மரத்தில் ஏற ஆரம்பித்தான்!

கடுவன் பல்லைக் காட்டி உறுமியது. என் வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்தினார். “மாப்ள, அது கண்ணப் பாக்காத! பழத்தக் காட்டு!”

பழம் யார் கொடுப்பது? அண்ணன்தான் தன் சீர்த் தட்டிலிருந்து எடுத்து எடுத்து எறிந்தார். திடீரென்று அலறினார்.

“ஏலே கண்ணா! அந்தக் கொப்புல கால வைக்காத, இத்துப் போச்சு!”

“எதுலண்ணே வைக்க?”

“வலது பக்கம்டா! பாத்துடா... விழுந்து தொலைச்சிராத!”

ஐந்து வருஷத்துக்கு அப்புறம் இதுதான் முதல் பேச்சு. நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். ஒற்றைப் பழத்துக்கு மசியாத கடுவன், முழுச் சீப்பைக் கண்டதும் பெட்டியைப் போட்டுவிட்டது. அண்ணன் பாய்ந்து பிடித்தார்.

இறங்கிய தம்பியின் தலை, கழுத்து, முதுகெல்லாம் முசுறு... மாமரத்துச் சிவப்பு எறும்பு! பையன் குதியாய்க் குதித்தான். “ஆடாம உக்காருடா!” என்று அண்ணன் அவனைச் சமுக்காளத்தில் அமுக்கி, முடியைப் பிரித்துப் பிரித்து எறும்பைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“மேல பாரு, மேல பாரு!” என் வீட்டுக்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கிளையில் பெரிய கடுவன் குப்புறப் படுத்திருக்க, காலையில் முறைத்த அதே சின்னக் கடுவன் அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. “அது பேன் மட்டும் பாக்கலை. ‘சரி, விடு’ன்னு சொல்லுது. சண்டை போட்டா இப்படித்தான் சமாதானம் ஆகும்.”

காலையில் சண்டை, மத்தியானத்துக்குள் சமாதானம். நமக்கு மட்டும் ஏன் ஐந்து வருஷம்? யோசித்துப் பார்த்தேன். அதுகளுக்குப் பேசத் தெரியாது. நமக்குத் தெரியும்... அதனால்தான் பேசாமல் இருக்கவும் தெரிந்திருக்கிறது!

நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பத்தர் மறுபடி கேட்டார், எந்த மடி என்று. இந்தத் தடவை இரண்டு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க ஒட்டி உட்கார்ந்தார்கள். பாதிப் பிள்ளை அண்ணன் மடியில், பாதிப் பிள்ளை தம்பி மடியில். வலது காதில் பெரிய மாமன் கம்மல், இடது காதில் சின்ன மாமன் கம்மல். ஒன்று வெள்ளைக் கல், ஒன்று சிவப்புக் கல். நிலா இரண்டு பேர் சட்டையையும் பிடித்துக்கொண்டு வீல் வீலென்று கத்தினாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் பந்தியைப் பார்க்கக் கிளம்பினேன். அண்ணன் கூப்பிட்டார். “ஏத்தா, இங்க வா. என் மடியிலதான்னு சொன்னேல்ல?”

“என்கிட்டயும் அதத்தானண்ணே சொல்லுச்சு!” என்றான் தம்பி.

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் சேர்ந்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தர் ஆரம்பிக்க, மற்றவர் முடிக்க, பந்தி மொத்தமும் வேடிக்கை பார்க்க... என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

இன்னும் கொஞ்ச நேரம் திட்டியிருக்கலாம்!